வெள்ளைத் தாளும் இரண்டு சாட்சியும்

(பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில், ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் ஒருவர் ஊர்ப் பெரியவர்கள் முன் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, அக்கா தங்கைகளே, வணக்கம். உயிலைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் பின்வரிசையில் ஒரு பெரியவர் செருப்பைத் தேடினார். பார்த்துவிட்டேன். உட்காருங்க அண்ணா. உயில் எழுதினால் ஆயுசு குறையும் என்றால், நான் எழுதிக் கொடுத்தவர்களில் பாதிப் பேர் இன்றைக்கு ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருக்க மாட்டார்கள்.

"எனக்கென்னங்க சொத்து, 30 சென்ட்டும் ஒரு ஓட்டு வீடும்தானே" என்பார்கள். என்னைக் கேட்டால், பத்து ஏக்கர் தென்னந்தோப்புக்காரருக்கு முன்னால் எழுத வேண்டியவர் இவர்தான். தோப்பைப் பிரித்தால் ஆளுக்கொரு துண்டாவது மிஞ்சும். ஓட்டு வீட்டை எப்படிப் பிரிப்பது?

அந்த 30 சென்ட்டையே எடுத்துக்கொள்வோம். தானே சம்பாதித்து வாங்கிய நிலம். உயில் எழுதாமல் போய்விட்டார். வீட்டில் மனைவி, இரண்டு மகள்கள், வயதான அம்மா. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நால்வருக்கும் சம பங்கு, ஆளுக்கு 7.5 சென்ட். அம்மாவுக்குப் பங்கா என்று பல பேர் புருவத்தைத் தூக்குவார்கள். உண்டு. அப்பாவுக்குத்தான் முதல் வரிசையில் இடமில்லை. சரி, அம்மாதானே, எங்கே போகப் போகிறது என்று விட்டுவிடுவோம். கொஞ்ச நாளில் அவரும் எழுதாமலே போகிறார். இறந்தவருக்கு ஒரு தம்பி, ஒரு தங்கை. பாட்டியின் 7.5 சென்ட் இப்போது மூன்றாகப் பிரியும். 2.5 பேத்திகளுக்கு, மீதி 5 சென்ட் சித்தப்பாவுக்கும் அத்தைக்கும். மருமகளுக்கு அதில் ஒன்றுமில்லை. நாளைக்கு அந்த வீட்டின் மேல் பேங்கில் கடன் வாங்க வேண்டுமென்றால் சித்தப்பாவும் கையெழுத்துப் போட வேண்டும். அவர் நல்லவராகவே இருக்கட்டும். திருப்பூரில் வேலை, லீவு கிடைக்கவில்லை, அத்தை வீட்டுக்காரருக்கு ஏதோ பழைய வருத்தம். இவ்வளவு போதும், காரியம் நின்றுபோகும்.

பெண்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பிள்ளையில்லாத பெண் கணவனையும் இழந்து, உயில் எழுதாமல் இறந்தால், அவள் சொந்தமாகச் சம்பாதித்தது கணவனுடைய வாரிசுகளுக்குப் போகும். பெற்ற தாய் தகப்பனுக்கு அதற்கு அப்புறம்தான். 2009இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு. கல்யாணமான சில மாதத்தில் கணவன் இறந்தார். புகுந்த வீட்டார் அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டார்கள். தாய் வீட்டில் இருந்து படித்து, வேலைக்குப் போய்ச் சம்பாதித்தார். அவர் இறந்தபின் அந்தப் பணம் யாருக்குப் போனது தெரியுமா? கணவனுடைய அக்கா தங்கை பிள்ளைகளுக்கு. சட்டம் அப்படித்தான் சொல்கிறது என்று நீதிமன்றம் கையை விரித்தது. ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தால் அந்த வழக்கே இல்லை. வேலைக்குப் போகிற மகள் வீட்டில் இருந்தால் இன்று ராத்திரி சாப்பிடும்போது இதைச் சொல்லுங்கள்.

எழுத என்ன வேண்டும்? முத்திரைத் தாள் வேண்டாம், வெள்ளைத் தாள் போதும். தமிழிலேயே எழுதலாம். உங்களுக்குப் படிக்கத் தெரியாத மொழியில் யாராவது எழுதினால், படித்துக் காட்டி விளங்க வைத்ததாகக் கடைசியில் ஒரு வரி இருக்கட்டும். இரண்டு சாட்சிகள் கண்ணெதிரில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது கைநாட்டு வைக்க வேண்டும். அப்புறம் அவர்கள் இருவரும் உங்கள் கண்ணெதிரில் போட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. டீக்கடையில் ஒருவரிடமும், மறுநாள் சந்தையில் இன்னொருவரிடமும் தாளை நீட்டிக் கையெழுத்து வாங்குகிற பழக்கம் இருக்கிறதே, அதில்தான் பாதி உயில் கோர்ட்டில் படுத்துவிடுகிறது.

சாட்சி உங்களைவிட இளையவராக இருக்கட்டும். உயிலை யாராவது மறுத்தால் ஒரு சாட்சியாவது வந்து சொல்ல வேண்டும். கூடவே வயதான இரண்டு சேக்காளிகளைப் போட்டு வைத்தால் யாரைக் கூப்பிடுவது? பங்கு பெறுகிறவரைச் சாட்சியாக்காதீர்கள். கிறிஸ்தவக் குடும்பத்தில் அப்படிச் செய்தால் அந்தச் சாட்சிக்கு எழுதியது செல்லாமலே போகும். முஸ்லிம்களுக்கு வேறு கணக்கு. வாரிசுகள் சம்மதிக்காமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலால் கொடுக்க முடியாது.

பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் செய்துவிடுங்கள் என்பேன். அதற்கு முத்திரைக் கட்டணம் கிடையாது, பதிவுக் கட்டணம் மட்டும்தான்.

நம் ஊரில் பலருக்கு வீடு இங்கே, தோப்பு கோபாலபுரம் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம். இரண்டுக்கும் ஒரே உயில் போதும். இங்கே உள்ளதற்கு வில்லேஜ், சர்வே நம்பர், தண்டப்பேர் நம்பர், அதாவது வில்லேஜ் ஆபீஸ் நில வரிக் கணக்கில் உங்கள் பேருக்கு உள்ள நம்பர், எழுதுங்கள். அங்கே உள்ளதற்குக் கிராமம், சர்வே நம்பர், பட்டா நம்பர். "பொள்ளாச்சித் தோப்பு" என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால், பிள்ளைகள் இங்கே போக்குவரவு, அதாவது வில்லேஜ் கணக்கில் பேர் மாற்றம், செய்யவும் அங்கே பட்டா மாற்றவும் இரண்டு மாநில ஆபீஸ் படிகளை மாறி மாறி ஏற வேண்டியதுதான்.

பேங்க் பணத்துக்கு நாமினி போட்டாச்சே என்பீர்கள். நாமினி பணத்தைக் கையில் வாங்குகிறவர், அவ்வளவுதான். உரிமை வாரிசுகளுக்கு, அல்லது உயிலில் எழுதியவருக்கு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மகளை ஒதுக்கவே உயில் எழுத வருகிற அப்பன்மாரும் உண்டு. 1986இல் மேரி ராய் வழக்கில் திருவிதாங்கூர்ப் பக்கக் கிறிஸ்தவப் பெண்களுக்குச் சம பங்கு கிடைத்தது. உடனே உயிலைத் தேடி ஓடியவர்களும் இருந்தார்கள். சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது, எனக்குத்தான் மனசு ஒப்பாது. ஒருவருக்குக் குறைத்துக் கொடுப்பதானால் காரணத்தை ஒரு வரி எழுதுங்கள். "மூத்தவனுக்குக் கடை வைத்துக் கொடுத்துவிட்டேன்" என்றால் போதும். இயல்பான வாரிசைக் காரணமில்லாமல் விட்டிருந்தாலும், ஆதாயம் பெறுகிறவரே முன்னின்று எழுத வைத்திருந்தாலும் கோர்ட் சந்தேகப்படும். 1958லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இப்போதே மகன் பேருக்கு செட்டில்மென்ட் எழுதிவிடலாமே என்று கேட்கிறவர்களிடம் நான் கொஞ்சம் கடுமையாகப் பேசுவேன். செட்டில்மென்ட் பதிவானால் வீடு அன்றைக்கே அவனுடையது. கஞ்சி ஊற்றாவிட்டால் பத்திரத்தை ரத்து செய்ய 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் 75 வயதில் பெற்ற பிள்ளைமேல் மனு எழுதிக்கொண்டு யார் அலைவது? உயில் அப்படியில்லை. நீங்கள் இருக்கும்வரை வீடு உங்களுடையது, விற்கலாம், அடமானம் வைக்கலாம். மனசு மாறினால் புதிதாக எழுதலாம், கடைசியாக எழுதியதுதான் நிற்கும்.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் தாலுகா சட்டப் பணிக் குழுவில் கேளுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு. போகும்போது நில வரி ரசீதும் ஆதார் கார்டும் கொண்டு போங்கள். பின்வரிசை அண்ணா ஏதோ கேட்க எழுந்து நிற்கிறார், மைக்கை அவரிடம் கொடுங்கள்.