மருந்து பாட்டிலில் புள்ளி வேண்டும்

(வெள்ளைக் கோல் தினத்தையொட்டிச் சைதாப்பேட்டையில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, பூந்தமல்லியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, வந்துகொண்டே இருப்பதாகச் சொல்லப்படும் சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய சங்கத்துச் சகோதரிகளே, தோளில் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

பார்வையற்ற பெற்றோர் வீட்டில் குழந்தைப் பாதுகாப்பு என்பது தலைப்பு. சமையற்கட்டு, முதலுதவி, மருந்து என்று மூன்று சங்கதி சொல்ல வேண்டும். பதறாத காரியம் சிதறாது என்பார் எங்கள் ஆத்தா. முதலுதவிப் பாடமே அதுதான். குழந்தைக்குச் சூடு பட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசை, மை, மாவு எதுவும் வேண்டாம். பெரிய காயமென்றால் 108. தவழும் பிள்ளைக்குக் கொலுசு போடுங்கள். சத்தம் நின்றால் உடனே எழுந்து போய்ப் பாருங்கள். சம்ப் மூடிக்குப் பூட்டுப் போடுங்கள். சமையற்கட்டுக்கு அப்புறம் வருகிறேன்.

அயனாவரத்தில் ஒரு தம்பதி, இருவருக்கும் பார்வை இல்லை. பிள்ளைகள் இரண்டு. டாக்டர் இருவருக்கும் பாரசிட்டமால் சிரப் எழுதியிருந்தார். ஒரே 60 மில்லி பாட்டில், ஒரே மூடி. ஆனால் 5 மில்லிக்குச் சின்னவளுடையதில் 125 மில்லிகிராம், பெரியவனுடையதில் 250. அந்தம்மா சின்னவள் பாட்டிலுக்கு ஒரு ரப்பர் பேண்டு, பெரியவனுக்கு இரண்டு என்று மாட்டி வைத்திருந்தார். ஊரிலிருந்து நாத்தனார் வந்தார். தங்கமான மனசு! "அண்ணி, அலமாரி அலங்கோலமா கிடக்கே" என்று துடைத்து அடுக்கி, ரப்பர் பேண்டையெல்லாம் உருவி முறுக்குப் பொட்டலத்துக்குப் போட்டுக்கொண்டு ஊருக்கு ரயிலேறிவிட்டார். (சிரிப்பு)

அன்று ராத்திரி சின்னவளுக்குக் காய்ச்சல். தடவிப் பார்த்தால் இரண்டு பாட்டிலும் மொட்டை. எழுத்தைப் படித்துச் சொல்லும் செயலி போனில் உண்டு. போனில் சார்ஜ் இல்லை, கரண்ட் போய் வெகுநேரம். அந்தம்மா குத்துமதிப்பாக ஊற்றவில்லை. பதறாத காரியம் சிதறாது! கணவரை எதிர்வீட்டு மாமியிடம் அனுப்பினார். "கண்ணாடிய எங்க வெச்சேன்னு தெரியலையேப்பா" என்றார் மாமி. மாமா மெழுகுவத்தியோடு வந்தார். எழுத்து அவ்வளவு பொடி. மாடியிலிருந்து காலேஜ் பையன் இறங்கி வந்து செல்போன் வெளிச்சத்தில் படித்தான். கண் தெரிந்தவர்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு லேபிளைப் படித்தார்கள், ஐயா! (பலத்த கைதட்டல்)

மருந்துப் பெட்டியில் பெயர் பிரெயிலில், அதாவது விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தில், இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2004லேயே விதி செய்துவிட்டது. இங்கே 2023 ஆகஸ்டு முதல் 300 மருந்து பிராண்டுகளுக்குக் கியூஆர் கோடு கட்டாயம். சரி, அந்தச் சதுரம் எந்தப் பக்கம் இருக்கிறதென்று விரலுக்கு யார் சொல்வது? எல்லோரும் கையாளக்கூடிய நுகர்பொருள்களை வளர்க்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 43ஆம் பிரிவு. குழந்தை மருந்தில் தொடங்கட்டுமே! பெயரும் அளவும் பிரெயிலில், கியூஆர் கோட்டைச் சுற்றி மேடாக ஒரு கோடு, ஸ்கேன் செய்தால் தமிழில் குரல். இதுதான் நம் மனு.

மணி அடித்துவிட்டார்கள்; சமையற்கட்டு அடுத்த கூட்டத்துக்கு. எம்.எல்.ஏ. அவர்கள் வந்துவிட்டாராம், நல்வரவு. மனு வாசல் மேசையில் இருக்கிறது, ஐயா. முதல் கையெழுத்தை உங்களுக்காகவே விட்டு வைத்திருக்கிறோம்.