பவுல் போகாத டெல்ஃபிக்கு நாம் ஏன் போக வேண்டும்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இன்றைய கேள்வி பாளையங்கோட்டையிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியது. கொஞ்சம் நீளமாக எழுதியிருக்கிறார், சுருக்கி வாசிக்கிறேன்.

"எங்கள் சபையிலிருந்து ஒரு குழுவாகக் கிரீஸுக்குப் போகிறோம். பவுல் அப்போஸ்தலன் நடந்த இடங்களைப் பார்க்கும் எட்டு நாள் பயணம். டிராவல்ஸ்காரர் கொடுத்த பட்டியலில் டெல்ஃபி, வெர்கினா, அக்ரோபோலிஸ் எல்லாம் இருக்கின்றன. அவை அந்நிய தெய்வங்களின் கோவில்களும் ராஜாக்களின் கல்லறைகளும்தானே, அவற்றை எடுத்துவிட்டு எபேசுவும் பத்மு தீவும் சேர்க்கலாம் என்று குழுவில் சிலர் சொல்கிறார்கள். பவுல் போகாத இடத்துக்கு நாம் எதற்குப் போக வேண்டும்? இன்னொன்று, பிலிப்பியில் காட்டும் சிறை உண்மையிலேயே பவுலும் சீலாவும் இருந்த சிறைதானா? என் மாமியாருக்கு எழுபது வயது, முழங்கால் வலி. அவரைக் கூட்டிப் போகலாமா?"

சரி. முதல் கேள்விக்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதை எடுத்தாலும் டெல்ஃபியை எடுக்காதீர்கள்.

பவுல் டெல்ஃபிக்குப் போனதாக அப்போஸ்தலர் நடபடிகளில் ஒரு வரிகூட இல்லை, நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் பவுல் எந்த வருஷத்தில் கொரிந்துவில் இருந்தார் என்று இன்று நம்மால் சொல்ல முடிகிறது என்றால் அதற்குக் காரணம் டெல்ஃபியில் கிடைத்த ஒரு கல்வெட்டு. நடபடிகள் 18ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பவுல் கொரிந்துவில் ஒன்றரை வருஷம் தங்குகிறார். கல்லியோன் என்பவன் அகாயா நாட்டுக்கு அதிபதியாக இருந்தபோது யூதர்கள் பவுலை நியாயாசனத்துக்கு முன்னால் இழுத்துக்கொண்டு போகிறார்கள். "இது உங்கள் வேதத்தைப் பற்றிய சண்டை, எனக்கு வேண்டாம்" என்கிற மாதிரி சொல்லிக் கல்லியோன் அவர்களைத் துரத்திவிடுகிறான். இதில் எங்கேயும் வருஷம் இல்லை. பவுலின் நிருபங்களிலும் தேதி போடும் வழக்கம் இல்லை.

இந்தக் கல்லியோன் யார்? ரோமத் தத்துவ அறிஞர் செனெக்காவின் அண்ணன். டெல்ஃபியில் பிரெஞ்சுக்காரர்கள் தோண்டியபோது உடைந்த கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்தன. அவற்றில் சில 1905இல் வெளியாயின. பிறகு மற்றத் துண்டுகளையும் அடையாளம் கண்டார்கள், மொத்தம் ஒன்பது. அது ரோமப் பேரரசன் கிளவுதியு ராயன் எழுதிய கடிதம். டெல்ஃபியில் ஜனங்கள் குறைந்துபோனார்கள் என்று கேள்விப்பட்டேன், வேறு ஊர்களிலிருந்து நல்ல குடும்பங்களை வரவழைத்துக் குடியேற்றுங்கள் என்பது கடிதத்தின் சாரம். பவுலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் நடுவில், இதை எனக்குச் சொன்னவர் என் நண்பரும் அதிபதியுமான கல்லியோன் என்று ராயன் குறிப்பிடுகிறான். கடிதத்தில் ராயனுடைய பட்டங்களின் வரிசையும் இருக்கிறது. அதை வைத்துக் கணக்குப் போட்டால் கி.பி. 52இன் முற்பாதி வருகிறது. அதிபதிப் பதவி பொதுவாக ஒரு வருஷம்தான். ஆக, கல்லியோன் 51–52இல் கொரிந்துவில் இருந்தான், பவுலும் அப்போது அங்கே இருந்தார். தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபம் எப்போது, எருசலேம் சங்கம் எப்போது என்று அறிஞர்கள் முன்னும் பின்னும் எண்ணுவதெல்லாம் இந்த இடத்திலிருந்துதான்.

அப்பொல்லோ கோவில் இருந்த ஊரில் கிடைத்த கல்தான் பவுலின் காலத்துக்குச் சாட்சி சொல்கிறது. இதைப் பார்க்காமல் எப்படி வருவீர்கள்? ஆனால் ஒரு எச்சரிக்கை. பெரும்பாலான குழுக்களை டெல்ஃபி அருங்காட்சியகத்தில் நேராக வெண்கலத் தேரோட்டி சிலைக்குக் கூட்டிப்போய், போட்டோ எடுக்கவைத்து, வெளியே அனுப்பிவிடுவார்கள். தேரோட்டி அற்புதமான சிலைதான், மறுக்கவில்லை. ஆனால் கல்லியோன் கல்வெட்டைக் காட்ட வேண்டும் என்று உங்கள் டூர் மேனேஜரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், அவர் லோக்கல் கைடிடம் சொல்லட்டும். கிரீஸில் இந்தத் தளங்களுக்குள் விளக்கம் சொல்வது அந்த நாட்டு உரிமம் பெற்ற வழிகாட்டியின் வேலை. இங்கிருந்து கூடவே வரும் டூர் மேனேஜர் ரூம், சாப்பாடு, பஸ் எல்லாம் பார்த்துக்கொள்வார், அவ்வளவுதான். வழிகாட்டி ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழில் திருப்பிச் சொல்ல உங்கள் குழுவில் ஒருவரை முன்கூட்டியே தயார்செய்துகொள்ளுங்கள். போதகரே செய்தால் இன்னும் நல்லது.

நாள் கணக்கையும் பார்த்துவிடலாம். டெல்ஃபியை எடுத்தால் ஒரு நாள் மிச்சம் என்று நினைக்கிறீர்கள். மடங்கள் இருக்கும் மெத்தெயோராவிலிருந்து அத்தேனே நகரத்துக்கு வரும் பஸ் எப்படியும் ஒரு பகல் முழுக்க ஓடும், டெல்ஃபியை அந்தப் பகலுக்குள்தான் சேர்த்திருப்பார்கள். வெர்கினாவோ பெரோயாவிலிருந்து பதினைந்து கிலோமீட்டர்கூட இல்லை. இரண்டையும் வெட்டினாலும் கையில் மிஞ்சுவது சில மணி நேரம். எபேசுவுக்கும் பத்முவுக்கும் கப்பலில் போய்வர மூன்று நான்கு நாள் வேண்டும். அப்புறம் எபேசு துருக்கியில் இருக்கிறது. கப்பல் கூசாதாசித் துறைமுகத்துக்குப் போனால் நீங்கள் ஷெங்கன் எல்லையை, அதாவது ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் எல்லையை, விட்டு வெளியேறித் திரும்ப நுழைகிறீர்கள். ஒருமுறை மட்டும் நுழையும் விசாவை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே இதை முடிவு செய்ய வேண்டும். இன்னொரு வேடிக்கை, அந்நிய தெய்வங்களின் கோவில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எபேசுவுக்குப் போனால் அங்கே என்ன? "எபேசியருடைய தியானாளே பெரியவள்" என்று ஊரே இரண்டு மணி நேரம் கத்திய இடம் அல்லவா அது!

அக்ரோபோலிஸைப் பற்றி நான் வாதாட வேண்டியதில்லை, பவுலே பேசிவிட்டார். அக்ரோபோலிஸுக்குப் பக்கத்திலுள்ள மார்ஸ் மேடையில் நின்று அவர் சொன்னது என்ன? உங்கள் ஆராதனைக்குரியவைகளைக் கவனித்துப் பார்த்தேன், 'அறியப்படாத தேவனுக்கு' என்று எழுதிய பலிபீடத்தைக் கண்டேன் என்றார். சுற்றித் திரிந்து பார்த்துவிட்டுத்தான் பேசினார். நிமிர்ந்து பார்த்தால் அக்ரோபோலிஸ் உச்சியில் அத்தேனா தேவியின் கோவிலான பார்த்தெனான். அது கி.மு. 447இல் தொடங்கிக் கட்டியது, பவுல் பார்த்தபோதே ஏறக்குறைய ஐந்நூறு வயது. பிற்காலத்தில் அதே கட்டிடம் மரியாளின் பெயரில் தேவாலயமாக இருந்தது. பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் பசில் 1018இல் போரில் வென்றுவிட்டு அங்கே வந்து நன்றி செலுத்தினார். அதற்குப் பிறகு மசூதி. 1687இல் வெனிஸ் படையின் குண்டு விழுந்து, உள்ளே வைத்திருந்த வெடிமருந்து வெடித்துச் சிதைந்தது. கீழே அகோராவில் ஹெஃபைஸ்தோஸ் கோவில் இன்றும் கூரையோடு நிற்கிறது. அதுவும் பல நூற்றாண்டுகள் புனித ஜார்ஜ் தேவாலயமாகப் புழக்கத்தில் இருந்த கட்டிடம். பவுல் தினந்தோறும் சந்தைவெளியில் பேசினார் என்று வாசிக்கிறோமே, அந்தச் சந்தைவெளிதான் இந்த அகோரா. மார்ஸ் மேடை என்று இன்று காட்டும் பாறையில் நின்றாரா, அல்லது அரியோபாகு என்ற நகர நியாயசபை கூடிய அகோரா மண்டபத்தில் நின்றாரா என்பதில் அறிஞர்கள் இரண்டு பக்கமாக இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் பாறையடியில் பதித்திருக்கும் கிரேக்க வெண்கலப் பலகைக்கு முன்னால் 17ஆம் அதிகாரத்தை வாசித்துவிட்டு, அகோராவில் ஒரு மணி நேரம் கூடுதலாக நடங்கள்.

கொரிந்துவுக்கு வருகிறேன். அரை நாளில் முடிப்பார்கள், எனக்கு அது போதாது. அங்கே அப்பொல்லோ கோவிலின் ஏழு தூண்கள் நிற்கின்றன. கி.மு. 6ஆம் நூற்றாண்டு, ஒவ்வொன்றும் ஒரே கல். ரோமர் கி.மு. 146இல் ஊரை அழித்தார்கள், ஜூலியஸ் சீசர் கி.மு. 44இல் மறுபடி குடியேற்றினார். அதனால் பவுல் வந்தபோது அந்தக் கோவில் பழசு, ஊர் புதுசு. சந்தைவெளி நடுவே நியாயாசன மேடை. அந்த இடம் அகழ்வாய்வில் உறுதியானது, கல்லியோன் கதை நடந்த மேடை என்று நம்பி நிற்கலாம். பக்கத்து அருங்காட்சியகத்தில் அஸ்கிலேபியு என்ற வைத்தியத் தெய்வத்துக்குப் படைத்த களிமண் கை, கால், காது எல்லாம் வைத்திருக்கிறார்கள். வேளாங்கண்ணியில் வெள்ளித் தகட்டில் உறுப்புகள் வாங்கிப் படைப்பார்களே, அதே வழக்கம். அந்தக் கோவிலை ஒட்டிப் பந்தியிருந்து சாப்பிடும் அறைகளும் இருந்தன. இதைப் பார்த்த பிறகு, விக்கிரகக் கோவிலில் பந்தியிருக்கலாமா கூடாதா என்று முதலாம் கொரிந்தியர் 8இல் பவுல் ஏன் அவ்வளவு மல்லுக்கட்டுகிறார் என்பது விளங்கும். கொரிந்தியருக்கு அது அன்றாடப் பிரச்சினை. ஒரு கல்யாண விருந்துக்குக் கூப்பிட்டால் போவதா வேண்டாமா என்ற பிரச்சினை. பந்தயச் சாலையில் ஓடுகிறவர்களைப் பற்றிப் பேசுகிறாரே, பக்கத்திலேயே இஸ்த்மியா. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அங்கே விளையாட்டுகள் நடந்தன. ஜெயித்தவனுக்கு இலைக் கிரீடம், சில நாளில் வாடிவிடும். "அழிவுள்ள கிரீடம்" என்றதும் கொரிந்தியர் கண்ணில் எது தோன்றியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, கொரிந்து அரங்கத்தின் பக்கத்தில் தரையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஏரஸ்து என்பவன் பதவி கிடைத்ததற்காகத் தன் செலவில் இந்தத் தளவரிசையைப் போட்டான் என்று அதில் எழுதியிருக்கிறது. ரோமர் 16இல் வரும் 'பட்டணத்து உக்கிராணக்காரனாகிய ஏரஸ்து' இவன்தானா என்று வாதம் நடக்கிறது. கேட்காவிட்டால் வழிகாட்டி அங்கே கூட்டிப்போக மாட்டார்.

இப்போது பிலிப்பி சிறை. அந்த இடம் ரோமர் காலத்துத் தண்ணீர்த் தொட்டி. பின்னாளில் அதைப் பவுலின் சிறை என்று மக்கள் வணங்கத் தொடங்கினார்கள். உண்மையான சிறை எங்கே இருந்தது என்பதற்குத் தடயம் இல்லை. இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம் வரும். ஆனால் அங்கே உறுதியான இடங்கள் நிறைய இருக்கும்போது சந்தேகமான இடத்தில் எதற்கு முக்கால் மணி நேரம்? பவுல் நடந்த ஏக்னாத்தியா என்ற ரோமர் நெடுஞ்சாலையின் கற்கள் அப்படியே கிடக்கின்றன. எண்கோணத் தேவாலயத்துக்குப் போங்கள். அதற்கடியில் கிடைத்த பழைய ஆலயத்தின் தரை ஓவியத்தில், பவுலின் ஆலயத்துக்கு இந்தத் தரையைப் போட்டவர் பிஷப் போர்ஃபிரியோஸ் என்று பெயரோடு எழுதியிருக்கிறது. அது 4ஆம் நூற்றாண்டின் முற்பாதி, கிறிஸ்தவர்களுக்குச் சுதந்திரம் கிடைத்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அந்த வளாகத்துக்குள்ளேயே பவுலுக்கும் முந்திய ஒரு கிரேக்க வீரக் கல்லறையையும் இடிக்காமல் விட்டு வைத்திருந்தார்கள். முதல் கிறிஸ்தவர்களே எடுக்காததை நம் பயணப் பட்டியலிலிருந்து எதற்கு எடுக்க வேண்டும், சொல்லுங்கள். இரத்தாம்பரம் விற்ற லீதியாள் ஞானஸ்நானம் பெற்ற ஆற்றங்கரை என்று காட்டும் இடம் அழகான, அமைதியான இடம். ஜெபிக்க அங்கே நேரம் ஒதுக்குங்கள். சரியான அதே துறை என்று சொல்ல முடியாது, ஆனால் வாசலுக்கு வெளியே ஆற்றங்கரை என்று வேதம் சொல்வதோடு பொருந்துகிறது.

தெசலோனிக்கேயாவில் ரொத்துந்தாவைத் தவறவிடாதீர்கள். கிறிஸ்தவர்களைக் கொடுமைப்படுத்திய கலேரியு ராயன் கட்டிய வட்டக் கட்டிடம் அது, பிறகு தேவாலயமாகி உள்ளே பொன்னிற மொசைக்குகளோடு நிற்கிறது. பெரோயாவில் பார்ப்பதற்குப் புதிதாகக் கட்டிய நினைவிடம்தான், அரை மணி நேரம் போதும். அதனால்தான் பக்கத்திலிருக்கும் வெர்கினாவைச் சேர்க்கிறார்கள். 1977இல் அகழ்வாய்வாளர் அந்திரோனிகோஸ் திறந்த அந்தக் கல்லறையை அலெக்சாந்தரின் அப்பா பிலிப்புவினுடையது என்று பலரும் ஏற்கிறார்கள். பிலிப்பி பட்டணத்துக்குப் பெயர் கொடுத்தவரும் அவர்தான். மெத்தெயோரா அழகுக்காகப் போகும் இடம். அங்குள்ள மடங்கள் 14ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் எழுந்தவை, பவுலைத் தேடாதீர்கள்.

கடைசியாக மாமியார். தாராளமாகக் கூட்டிப் போங்கள், ஆனால் ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். வெயில் கடுமையானால் அக்ரோபோலிஸையே நடுப்பகலில் மூடிவிடுகிறார்கள். ஏப்ரல், மே, இல்லையென்றால் செப்டம்பர் இறுதி, அக்டோபர் நல்லது. ஏப்ரல், மேயில் போனால் கிழக்குச் சபையின் ஈஸ்டர் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள், பெரும்பாலான வருஷங்களில் நம் ஈஸ்டரும் அவர்களுடையதும் வேறு வேறு நாள். அவர்களுடைய ஈஸ்டர் ஞாயிறு அன்றும் மே 1 அன்றும் தளங்கள் மூடியிருக்கும். அக்ரோபோலிஸில் நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு லிஃப்ட் இருக்கிறது, முன்கூட்டியே கேட்டு ஏற்பாடு செய்ய வேண்டும். மார்ஸ் மேடைப் பாறையில் மட்டும் ஏற வேண்டாம், கல் வழுவழுவென்று வழுக்கும், கீழே பலகை அருகே உட்காரட்டும். டெல்ஃபியில் மேட்டில் ஏற முடியாவிட்டாலும் அருங்காட்சியகம் போதும், நான் சொன்ன கல் அங்கேதான் இருக்கிறது. கொரிந்து ஓரளவு சமதரை. மெத்தெயோராவில் மற்ற மடங்களுக்கெல்லாம் படி ஏற வேண்டும், புனித ஸ்தேபான் மடத்துக்கு மட்டும் சின்னப் பாலத்தைத் தாண்டி நேராக உள்ளே போய்விடலாம். அந்த மடம் எந்தக் கிழமை விடுமுறை என்று பார்த்து நாளை வைக்கச் சொல்லுங்கள். பெண்கள் பேன்ட் போட்டிருந்தால் மேலே சுற்றிக்கொள்ள வாசலில் பாவாடைத் துணி கொடுப்பார்கள். உங்கள் மாமியார் சேலை கட்டியிருந்தால் அந்தத் தொல்லையும் இல்லை, ரப்பர் அடி வைத்த ஷூ மட்டும் மறக்காமல் வாங்கிக் கொடுங்கள்.