காற்று மாசும் உள்ளாட்சி மன்றமும்

நேயர்களுக்கு வணக்கம்.

நகரத்தில் காற்று கெட்டுக் கிடக்கிறது என்று பேச்சு வந்தாலே, "நகராட்சி என்ன செய்துவிட முடியும்? பெரிய அரசாங்கம் அல்லவா பார்க்க வேண்டும்?" என்று பலரும் கேட்கிறார்கள். நிறையவே செய்ய முடியும். குப்பை அள்ளுவது, தெருக் கூட்டுவது, சாலையைத் தோண்ட அனுமதி தருவது, கட்டட வரைபடத்துக்கு ஒப்புதல் தருவது எல்லாம் பெரும்பாலும் உள்ளாட்சி மன்றத்தின் வேலைதானே? நகரத்துத் தூசியிலும் புகையிலும் கணிசமான பங்கு இந்த வேலைகள் சரியாக நடக்காததால் வருவது.

நமக்கு அதிகக் கேடு செய்வது பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள். தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும். மூச்சோடு நுரையீரலின் அடிவரை போய், ரத்தத்திலும் கலந்துவிடும். ஒரு கன மீட்டர் காற்றில் இது ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2021 வரை அந்த வரம்பு 10 ஆக இருந்தது.

முதலில் குப்பையை எடுத்துக்கொள்வோம். விடியற்காலையில் ஒருவர் தெரு முழுக்கக் கூட்டிச் சருகையும் பிளாஸ்டிக் பையையும் ஒரே குவியலாகச் சேர்க்கிறார். வண்டி உச்சிவெயிலில்தான் வரும், சில நாள் வராது. காற்றடித்தால் பட்ட பாடெல்லாம் வீண். அதனால் தீ வைத்துவிடுகிறார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். வண்டி நேரத்துக்கு வந்தால் தீக்குச்சிக்கு வேலையில்லை. அபராதப் பலகை வைப்பதற்கு முன்னால் வண்டியின் நேரத்தைச் சரிசெய்யுங்கள். சருகைத் தனியாக வாங்கி, பூங்காவிலேயே குழி வெட்டி உரமாக்குங்கள். சில வகைப் பிளாஸ்டிக் அரைகுறையாக எரியும்போது டையாக்சின் என்ற நச்சு கிளம்புகிறது. அது கண்ணுக்குத் தெரியும் புகையோடு போய்விடுவதில்லை, மண்ணிலும் தங்கிவிடும்.

அப்புறம், கூட்டுவது. உலர்ந்த சாலையில் துடைப்பம் போட்டால் தூசி இடம் மாறுகிறது, அவ்வளவுதான். சாலை நடுவில் குவித்து விட்டுப்போன மண்ணை அடுத்த பேருந்து மறுபடி கிளப்பிவிடும். அதை முதலில் சுவாசிப்பவர் கூட்டுகிறவர். பெரிய சாலைகளுக்கு உறிஞ்சு இயந்திரம் வேண்டும். அதை இரவில், லேசாகத் தண்ணீர் தெளித்து ஓட்ட வேண்டும். அள்ளிய மண்ணை அன்றே அப்புறப்படுத்த வேண்டும். சாலையோரம் மண்ணாகவே கிடந்தால் எத்தனை முறை கூட்டினாலும் தீராது. அங்கே புல் வளர்க்கலாம், கல் பாவலாம்.

குழாய்க்கு ஒரு முறை, கேபிளுக்கு ஒரு முறை என்று ஒரே தெருவைத் தோண்டுவதையும் மன்றம் நினைத்தால் நிறுத்தலாம். தோண்டுகிறவரிடம் முன்பணம் வாங்கி, பள்ளத்தை மூடிச் சாலை போட்ட பிறகே திருப்பித் தரட்டும். கட்டட வேலை நடக்கும் இடத்தில் மணலை மூடி வைக்காவிட்டால் வேலையை நிறுத்தட்டும்.

வாகனப் புகைக்குப் பெரிய வழிகள் உண்டு. லண்டன் 2019-ல் நகர மையத்தில், அதிகப் புகை விடும் பழைய வாகனங்களுக்குக் கட்டணம் வைத்து, 2023-ல் நகரம் முழுவதும் விரிவாக்கியது. சீனாவின் ஷென்ஜென் 2017-க்குள் தன் 16,000-க்கும் மேற்பட்ட பேருந்துகளை மின்சாரத்துக்கு மாற்றியது. இதெல்லாம் எல்லா ஊருக்கும் கட்டுப்படியாகாது. ஆனால் பள்ளி தொடங்கும்போதும் விடும்போதும் வாசல் தெருவுக்குள் வண்டிகளை விடாமல் தடுக்கப் பெரிய செலவு எதுவும் இல்லை. வண்டியின் புகைக்குழாய் உயரத்துக்குப் பக்கத்தில் இருப்பது குழந்தையின் மூக்கு. 2013-ல் லண்டனில் ஆஸ்துமாவால் இறந்த 9 வயதுச் சிறுமியின் மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020-ல் அங்குள்ள மரண விசாரணை அதிகாரி பதிவு செய்தார். அவள் வீடு நெரிசலான சாலைக்கு அருகில் இருந்தது.

காற்றைச் சுத்தம் செய்யும் ராட்சதக் கோபுரங்களில் மன்றங்கள் பணத்தைக் கொட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. திறந்த வெளியில் ஓடும் காற்றை ஒரு கோபுரத்தால் வடிகட்டிவிட முடியாது. அந்தப் பணத்தில் அளவீட்டுக் கருவிகள் வாங்கலாம். அவற்றை அலுவலக மொட்டை மாடியில் அல்ல, பேருந்து நிலையத்திலும் பள்ளி வாசலிலும் குப்பைக் கிடங்கின் ஓரத்திலும் வைக்க வேண்டும். மாதாந்திரக் கூட்டத்தில் வார்டு வாரியாக அந்த அளவுகளை வாசிக்கச் சொல்லி உங்கள் கவுன்சிலரிடம் கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.