வைத்தியரின் மனவெழுச்சி நுண்ணறிவும் நோயாளரின் முறைப்பாடும்

மாங்குளத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: தாயாரின் சத்திரசிகிச்சைப் புண் சீழ்கட்டியபோது விடுதியில் எவரும் காரணம் சொல்லவில்லையாம், கேட்டதற்கு ஏச்சுத்தான் கிடைத்ததாம். கைராசியான வைத்தியரின் குணத்தைப் பெரிதுபடுத்தக் கூடாது என்று உறவினர் கூறுவது சரியா என்கிறார்.

சரியில்லை, சகோதரி. மற்றவரின் மனநிலையை உணர்ந்து அதற்கேற்ப நடக்கும் ஆற்றலைத்தான் மனவெழுச்சி நுண்ணறிவு என்பார்கள்; வைத்தியருக்கு அதுவும் வேண்டும். கவனமாகச் செய்த சத்திரசிகிச்சைக்குப் பின்னும் கிருமித்தொற்று வரக்கூடும் என்பதால், புண் சீழ்கட்டியதை மட்டும் வைத்து வைத்தியத் தவறு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த ஒரு விளக்கத்தைத் தாயாரின் கட்டிலருகே நின்று சொல்லியிருந்தால், உங்கள் மனதில் இந்தச் சந்தேகம் இவ்வளவு தூரம் வளர்ந்திராது.

வெண்டி லெவின்சன் என்ற வைத்தியரும் அவருடைய குழுவினரும் 1997இல் வெளியிட்ட ஆய்வொன்றில், அமெரிக்காவின் ஒரிகன், கொலராடோ மாநிலங்களைச் சேர்ந்த 59 முதனிலைப் பராமரிப்பு வைத்தியர்களும் (நோயாளர் முதலில் நாடும் பொது, குடும்ப வைத்தியர்கள்) 65 சத்திரசிகிச்சை நிபுணர்களும் நோயாளருடன் பேசியதை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார்கள். முதனிலை வைத்தியர்களுள் நட்டஈட்டு வழக்கு எதுவும் வராதவர்கள் ஒரு நோயாளருடன் சராசரியாக 18.3 நிமிடம் செலவிட்டார்கள். வழக்கு வந்தவர்கள் 15 நிமிடம். முன்னவர்கள், முதலில் பரிசோதிப்பேன், பிறகு ஆறுதலாகப் பேசுவோம் என்று நடக்கப்போவதைச் சொன்னார்கள், நோயாளர் என்ன நினைக்கிறார் என்று கேட்டார்கள், சேர்ந்து சிரித்தார்கள். சத்திரசிகிச்சை நிபுணர்களிடையே இந்த வேறுபாடு தென்படவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எனினும், அதே நிபுணர்களின் பதிவுகளை வைத்து 2002இல் வெளியான வேறோர் ஆய்வில், குரலில் அதிகாரம் தொனித்தவர்களுக்கும் வழக்குகளுக்கும் தொடர்பு காணப்பட்டது.

குணம் வேறு, திறமை வேறு என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. துணுக்காயிலிருந்து விடியமுன் பஸ் ஏறி, கிளினிக் கொப்பியுடன் மதியம்வரை வாங்கில் காத்திருக்கும் சீனி வருத்தக்கார ஐயா ஒருவரை நினைத்துப் பாருங்கள். உள்ளே போனதும் காலில் கிடக்கும் எறிகணைச் (செல்) சிதறலைப் பற்றி அவர் வாயெடுக்க, நிமிர்ந்தும் பாராமல் பழைய மருந்தையே எழுதிக் கொப்பியை நீட்டினால், பாதத்துக்கடியில் நோகாமல் பரவும் புண்ணைப் பற்றி அவர் சொல்லவே மாட்டார். பிறகு அந்தக் கால் கழற்றப்பட்டால், அதைக் கனிவுக் குறைவு என்பதா, வைத்தியக் குறைவு என்பதா? பெருங்கூட்டத்தைப் பார்க்கும் வைத்தியரின் களைப்பும் எனக்குத் தெரியும். ஆனாலும் நிமிர்ந்து முகம் பார்க்க அதிக நேரம் செல்லாது.

ஆகவே, விளக்கம் கேட்பது உங்கள் உரிமை. முதலில் விடுதிக்குப் பொறுப்பான வைத்திய நிபுணரிடம் நேரம் கேளுங்கள். பதில் இல்லையென்றால், திகதிகளையும் நடந்ததையும் எழுதி வைத்தியசாலைப் பொறுப்பதிகாரியிடம் கொடுத்து, பிரதியொன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். தொழில்முறைத் தவறு நடந்ததென்று கருதினால் இலங்கை மருத்துவ சபைக்கும் முறைப்பாடு செய்யலாம்.