பொம்மையைத் திட்டாதீர்கள்

(காமிக்ஸ் வாசகர்கள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

நண்பர்களே, வணக்கம்.

காமிக்ஸ் ரசிகர்கள் நாலு பேர் கூடினால் ஒரு புலம்பல் தவறாமல் வரும். "கதையெல்லாம் எங்கே சார், இப்போது பொம்மை விற்கத்தானே எழுதுகிறார்கள்?" இதில் பாதி உண்மை. மீதிப் பாதியோடு சண்டை போடத்தான் இன்று வந்திருக்கிறேன். நான் பொம்மை வாங்குகிறவன். அலமாரியில் இடம் இல்லை என்று வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டே வாங்குகிறவன். என் கட்சி இதுதான்: பொம்மையால் சூப்பர் ஹீரோ கதை கெடவில்லை. புத்தகத்தையே பொம்மையாக்கி, அதையும் பிரிக்காதே என்று சொன்னார்கள் பாருங்கள், அப்போதுதான் கெட்டது.

1984-க்குப் போவோம். சூப்பர்மேன், பேட்மேன் கதைகளை வெளியிடும் டிசி பதிப்பகத்தின் நாயகர்களை வைத்துப் பொம்மை போடும் உரிமை கென்னர் நிறுவனத்திடம் போய்விட்டது. சும்மா இருக்குமா போட்டிப் பொம்மைக் கம்பெனி மேட்டல்? ஸ்பைடர்மேன் கதைகளை வெளியிடும் மார்வெலிடம் வந்தது. வெறும் பொம்மை போதாது, எல்லா நாயகர்களும் ஒன்றாக மோதும் பெரிய கதை ஒன்றும் வேண்டும் என்று கேட்டது. பையன்களிடம் விசாரித்ததில் 'ரகசியம்', 'போர்' இரண்டுக்கும் நல்ல மவுசு என்று தெரிந்ததாம். பிறந்தது 'சீக்ரெட் வார்ஸ்'. மார்வெலின் தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டரே 12 இதழ்களையும் எழுதினார். இவ்வளவு அப்பட்டமாகக் கல்லாப்பெட்டிக்காகப் பிறந்த கதையைத் தேடினாலும் கிடைக்காது. சரி, அந்தப் பொம்மையாவது அழகா என்றால் அதுவும் இல்லை. முழங்கை மடங்காது. கையில் தட்டு மாதிரி ஒரு பிளாஸ்டிக் கேடயம். அசைத்தால் அதில் படம் மாறும். அவ்வளவுதான் வித்தை.

ஆனால் ஸ்பைடர்மேன் அந்தக் கறுப்பு உடையை எங்கிருந்து எடுத்து வந்தான் என்ற கதை அதில்தான் இருக்கிறது. கறுப்பு உடை என்ற யோசனையே மார்வெல் ஆசிரியர்களுடையது அல்ல. ஒரு வாசகர் எழுதி அனுப்பியது. 220 டாலர் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். அந்த உடைக்கு உயிர் உண்டு என்று பிறகு கதை வளர்ந்து, 1988-ல் 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 300-ஆம் இதழில் வெனம் என்ற வில்லன் முழுசாக வந்து நின்றான். பொம்மைக் கம்பெனி கேட்ட கதை, ரசிகன் கொடுத்த உடை, கடைசியில் ஸ்பைடர்மேனுக்கு வாய்த்த மிகப் பெரிய எதிரிகளில் ஒருவன். வியாபாரம் உள்ளே வந்தால் கற்பனை செத்துவிடும் என்று யாராவது சொன்னால் எனக்கு வெனம்தான் ஞாபகம் வருகிறான்.

கெட்டது எங்கே? 1991-ல் வந்த மார்வெலின் 'எக்ஸ்-மென்' முதல் இதழில். கிறிஸ் கிளேர்மான்ட் எழுத்து, ஜிம் லீ ஓவியம். ஓவியத்தில் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஒரே கதைக்கு ஐந்து அட்டைகள். நான்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு பெரிய படம் சேரும். ஐந்தாவது, மடித்து விரிக்கும் அட்டை. அதில் அதே படம் முழுசாக இருக்கும்! 80 லட்சத்துக்கும் மேல் பிரதிகள் போயின. போயின என்றால் கடைகளுக்குப் போயின. அமெரிக்க காமிக்ஸ் கடைக்காரர் வாங்கியதைப் பெரும்பாலும் திருப்பித் தர முடியாது. விற்றாலும் விற்காவிட்டாலும் அவர் தலையில்தான். அதனால் அங்கே விற்பனை எண்ணிக்கை என்று படிப்பதெல்லாம் பெரும்பாலும் கடைக்காரர் வாங்கிய எண்ணிக்கை. படித்தவர்கள் எண்ணிக்கை அல்ல.

அடுத்த ஆண்டு டிசியில் சூப்பர்மேனைக் கொன்றார்கள். 'சூப்பர்மேன்' 75-ஆம் இதழ். கறுப்பு பிளாஸ்டிக் உறை, உள்ளே துக்கத்துக்குக் கையில் கட்டிக்கொள்ள ஒரு கறுப்புப் பட்டை, இரங்கல் செய்தி. படிக்க ஒன்று, பிரிக்காமல் வைக்க ஒன்று என்று வாங்கினார்கள் மக்கள். பிள்ளையின் கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்று நினைத்தவர்களும் உண்டு. சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றிய, 1938-ல் 10 சென்டுக்கு விற்ற 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் ஒரு பிரதி 2024-ல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது, வாஸ்தவம். ஏன் போனது? மிச்சம் இருப்பதே சொற்பம். பையன்கள் அதைப் படித்தார்கள், சுருட்டிப் பாக்கெட்டில் வைத்தார்கள், கிழித்தார்கள். போர்க்காலத்தில் பழைய காகிதத்தோடு போட்டார்கள். லட்சக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் பத்திரப்படுத்திய பொருளுக்கு விலை எப்படி ஏறும்? ஏறவில்லை. சந்தை சரிந்தது, கடைகள் மூடின, 1996 டிசம்பரில் மார்வெலே திவால் மனு கொடுத்தது. கடன், வாங்கிப் போட்ட டிரேடிங் கார்டு (சேகரிக்கும் பட அட்டை) கம்பெனிகள் என்று அதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் 1998-ல் மார்வெலைத் தன்னோடு இணைத்துக் காப்பாற்றியது யார் தெரியுமா? டாய் பிஸ். ஒரு பொம்மைக் கம்பெனி.

இப்போது புதிய புத்தகங்களுக்கு வருவோம். எனக்கு உற்சாகமான பகுதி இதுதான், கொஞ்சம் கூடுதலாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024 அக்டோபரில் டிசி, பழைய நாயகர்களின் கதையை அடியிலிருந்து மாற்றிச் சொல்லும் 'அப்சொல்யூட்' வரிசையைத் தொடங்கியது. முதல் புத்தகம் 'அப்சொல்யூட் பேட்மேன்'. ஸ்காட் ஸ்னைடர் எழுத்து, நிக் டிராகோட்டா ஓவியம். பேட்மேன் முகமூடிக்குள் இருக்கும் கோடீஸ்வரன் புரூஸ் வேனிடமிருந்து சொத்தைப் பிடுங்கிவிட்டார்கள். மாளிகை இல்லை, உழைக்கும் வர்க்கத்துப் பையன், பொறியாளர். அப்பா பள்ளி ஆசிரியர், துப்பாக்கிச் சூட்டில் இறந்துவிட்டார். அம்மா மார்த்தா உயிரோடு இருக்கிறார்! எண்பது சொச்சம் வருடமாக அப்பாவும் அம்மாவும் சேர்ந்து சுடப்பட்டுச் சாகும் அதே காட்சியைப் பார்த்துச் சலித்தவனுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி தெரியுமா? சிறு வயதிலிருந்து புரூஸோடு சீட்டாடும் கூட்டாளிகள் யார் என்றால் ஆஸ்வால்ட் காபிள்பாட், எட்வர்ட் நிக்மா, ஹார்வி டென்ட், வேலன் ஜோன்ஸ். நாம் வில்லன்களாகப் பார்த்த அத்தனை பேரும் இங்கே பால்ய நண்பர்கள். அவர்களில் யார் எப்போது எந்தப் பக்கம் சாய்வார்கள் என்ற பயத்தோடேயே படிக்க வேண்டியிருக்கிறது. பணமெல்லாம், சிரித்தே பயமுறுத்தும் வில்லன் என்று நமக்குத் தெரிந்த ஜோக்கரிடம். இங்கே அவன் சிரிப்பதே இல்லை.

அந்த உடையைக் கவனியுங்கள். மார்பில் இருக்கும் வௌவால் சின்னம் வெறும் சின்னம் அல்ல, கழற்றிக் கோடரித் தலையாக மாட்டிக்கொள்ளலாம். காது இரண்டும் கத்தி. ஆள் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உருவம். பணம் இல்லாதவன் கையில் கிடைத்ததை எல்லாம் ஆயுதமாக்குகிறான் என்பதை டிராகோட்டா ஒரு வரி வசனம் இல்லாமல் சொல்லிவிடுகிறார். இதைப் பொம்மையாகச் செய்யத்தானே வரைந்தார்கள் என்று ஒரு நண்பர் கேட்டார். இருக்கட்டுமே! கதைக்கும் பொருந்தி, கையில் பிடிக்கவும் நன்றாக இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? எனக்கு இதில் குறை வேறு: பேன் (Bane) என்ற வில்லன் வரும் அத்தியாயங்களில் ரத்தமும் சத்தமும் அளவு மீறிப் போகிறது. பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுக்கிற புத்தகம் இல்லை.

கெல்லி தாம்சன் எழுதி ஹேடன் ஷெர்மன் வரையும் 'அப்சொல்யூட் வொண்டர் வுமன்' எனக்கு இதைவிட ஒரு படி மேல். அமேசான்களின் தீவில் இல்லாமல் நரகத்தில், சூனியக்காரி சர்ஸியிடம் வளர்கிறாள் டயானா, அதாவது நம் வொண்டர் வுமன். வளர்த்த இடம் அப்படி, பிள்ளையோ அன்பே உருவாக நிற்கிறாள். சர்ஸி மெல்ல மெல்லத் தாயாக மாறும் பக்கங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். 2025-ல் சிறந்த புதிய தொடருக்கான ஐஸ்னர் விருது (காமிக்ஸ் உலகின் பெரிய விருது) இதற்குக் கிடைத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. 'அப்சொல்யூட் சூப்பர்மேன்' பரவாயில்லை. அவன் பிறந்த கிரகமான கிரிப்டானின் உழைப்பாளிக் குடும்பத்தைக் காட்டிய விதம் நன்று, பூமிக்கு வந்ததும் கொஞ்சம் தள்ளாடுகிறது.

மார்வெல் பக்கம் 2024 ஜனவரியில் வந்த 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்', ஜோனதன் ஹிக்மன் எழுத்து, மார்கோ செக்கெட்டோ ஓவியம். பீட்டர் பார்க்கர் முப்பது தாண்டியவன், தாடி, மேரி ஜேனோடு கல்யாணம் ஆகி இரண்டு குழந்தைகள். அதற்குப் பிறகுதான் சக்தி வருகிறது. பழைய கதையில் செத்துப்போகும் பெரியப்பா பென் இங்கே உயிரோடு இருக்கிறார், அவர் மனைவி மேதான் இல்லை. இதழுக்கு இதழ் கதைக்குள்ளும் ஒரு மாதம் ஓடிவிடும் என்பது நல்ல யோசனை. சில மாதம் முக்கியமான சண்டையைத் தாண்டிக் குதித்துவிட்டாரே என்று எரிச்சலும் வந்தது. ஆனால் வீட்டுப் பொறுப்போடு பறக்கிற ஸ்பைடர்மேனை இந்த வயதில் படிக்கும்போது அது வேறு ருசி.

இத்தனை நல்ல புத்தகங்கள். இவற்றை எப்படி விற்கிறார்கள்? மறுபடியும் அட்டை. 25 பிரதி வாங்கும் கடைக்காரருக்குத்தான் ஒரு அபூர்வ அட்டை. சிலதற்கு 100 பிரதி. அந்த ஒன்றை அவர் எக்கச்சக்க விலைக்கு விற்பார், மிச்சம் தள்ளுபடிப் பெட்டியில் கிடக்கும். போதாததற்கு இப்போது மூடிய பை. உள்ளே எந்த அட்டை என்று தெரியாது, அதிர்ஷ்டம் இருந்தால் நல்லது வரும். பிறகு தரம் போடுகிற கம்பெனிக்கு அனுப்பி, பத்துக்கு 9.8 என்று மதிப்பெண் வாங்கி, பிளாஸ்டிக் பெட்டிக்குள் போட்டு ஒட்டிக்கொண்டு வருவது. பெட்டியை உடைத்தால் மதிப்பெண் செல்லாது. டெனிஸ் கேம்பும் ஹாவியர் ரோட்ரிகஸும் செய்த 'அப்சொல்யூட் மார்ஷியன் மேன்ஹன்டர்' தொடரில் ஒரு பக்கத்தை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால்தான் பின்பக்கத்து ஓவியமும் சேர்ந்து படம் முழுசாகும். பெட்டிக்குள் ஒட்டி வைத்தவர் அதை எப்படிப் பார்ப்பார்?

பொம்மை அப்படி இல்லை. பிரித்து நிறுத்துவதற்குத்தான் பொம்மை. கொலுப் பொம்மையைப் பெட்டியோடு படியில் வைப்போமா? என் அலமாரியில் ஆறு அங்குல மார்வெல் லெஜண்ட்ஸ், ஏழு அங்குல மெக்ஃபார்லேன் பேட்மேன்கள் எல்லாம் தூசி தட்டப்பட்டு, வாரத்துக்கு ஒரு போஸில் நிற்கின்றன. இரண்டின் உயரமும் ஒத்துப்போகாது, ஸ்பைடர்மேன் பேட்மேனின் தம்பி மாதிரி தெரிவான், அதையும் சகித்துக்கொள்கிறோம். நம் ஊர் வெயிலில் கணுக்கால் தளர்ந்து ஆள் முன்னால் சாயும். காலை வெந்நீரில் கொஞ்ச நேரம் முக்கி, நேராக்கி, உடனே குளிர்ந்த நீரில் போடுங்கள், நிமிர்ந்துவிடும். பெயின்ட் உள்ள முகத்தை மட்டும் முக்க வேண்டாம்.

பெரிய தலையும் சின்ன உடம்புமாக வரும் ஃபன்கோ பாப் பொம்மைகளின் ரசிகர்கள் கோபிக்கக் கூடாது, எனக்கு அது ஒட்டவே இல்லை. பேட்மேனுக்கும் அதே இரண்டு கறுப்புப் பொட்டுக் கண், வேறு யாருக்கும் அதே கண். 2023-ல் அந்த நிறுவனமே 3 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள தேங்கிய சரக்கை அழிக்கப்போவதாக அறிவித்தது. கிடங்கில் வைத்திருக்கும் செலவு அதைவிட அதிகமாம்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் எங்கே தொடங்குவது என்று கேட்பீர்கள். தனி இதழ் 4.99 டாலர், நம் பணத்தில் நானூறுக்கு மேல், இருபது சொச்சம் பக்கம். நான் தனி இதழைச் சிபாரிசு செய்ய மாட்டேன். 2024 முதல் டிசி 9.99 டாலருக்குச் சின்ன அளவில் 'காம்பாக்ட் காமிக்ஸ்' போடுகிறது. ஒரு முழுக் கதை கிடைத்துவிடும். நம் ராணி காமிக்ஸ் மாதிரி பையில் போட்டுப் பேருந்தில் படிக்கலாம், எழுத்துதான் கொஞ்சம் பொடி. அப்புறம் அப்சொல்யூட் வரிசையின் தொகுப்பு நூல்கள், முதலில் வொண்டர் வுமன், அடுத்து பேட்மேன். அட்டை எதுவானாலும் வாங்குங்கள், மலிவாக எது கிடைக்கிறதோ அது. பேட்மேன் பொம்மை வாங்குவதாக இருந்தால் அந்தக் கதையை ஒரு தடவை முடித்துவிட்டு வாங்குங்கள், கோடரி எங்கிருந்து வந்தது என்று தெரிந்து நிறுத்தலாம். இனி உங்கள் கேள்விகள். வெனத்தைப் பற்றிக் கேட்கிறவர்கள் மட்டும் கடைசியில் கேளுங்கள், அது நீளும்.