யானைப் பசி

நண்பர்களே, வணக்கம். ‘யானைப் பசிக்குச் சோளப்பொரி’ என்று போகிற போக்கில் சொல்லிவிடுகிறோம். அந்தப் பசி எவ்வளவு பெரியது தெரியுமா? வளர்ந்த யானை ஒரு நாளைக்குச் சுமார் 150 கிலோ தீனி தின்னும், 100 லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும். தின்றதில் பாதிகூடச் செரிக்காது. அதனால் நாளில் முக்கால்வாசி நேரம் மேய்ச்சலிலேயே போய்விடும். செரிக்காத விதைகள் லத்தியோடு விழுந்து, போகிற வழியெல்லாம் முளைக்கும்.

ஒரே இடத்தில் நின்று தின்றால் எந்தக் காடும் தாங்காது. ஆகவே யானை நடக்கிறது. எந்தக் கோடையில் எந்தப் பள்ளத்தில் தண்ணீர் கிடக்கும் என்பது கூட்டத்தை நடத்தும் மூத்த பெண் யானைக்குத் தெரியும். கன்றுகள் அதன் பின்னால் நடந்தே கற்றுக்கொள்கின்றன.

இப்போது கோவையின் மலையடிவாரத்துக்கு வாருங்கள். நடந்த வழியில் செங்கல் சூளை, கல்லூரி, சொகுசு விடுதி. காட்டுக்குள்ளோ உண்ணிச்செடி மண்டி, புல் முளைக்க இடமில்லை. வெளியே வந்தால் வாழையும் மக்காச்சோளமும். யானை எதைத் தேடும்?

விவசாயியைத் திட்டுவது நகரத்துக்காரர்களுக்குச் சுலபம். ஒரே ராத்திரியில் வாழைத்தோட்டம் போனவனுக்குத்தான் வலி தெரியும். சரி, சோலார் வேலி போடட்டும். அது அதிர்ச்சி கொடுத்து விரட்டும், கொல்லாது. கம்பத்திலிருந்து நேராகக் கரண்ட் எடுத்து வேலியில் விடுவது கொலைதான்.

அதைவிடக் கொடுமை அவுட்டுக்காய். காட்டுப்பன்றிக்கென்று தீனிக்குள் வெடிமருந்தை மறைத்து வைக்கிறார்கள். யானை கடித்தால் தாடை உடைகிறது, நாக்கு கிழிகிறது. பசி அப்படியே இருக்கும், வாய்தான் இருக்காது. 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில், வெள்ளியாற்றில் தும்பிக்கையை முக்கியபடி நின்றே செத்ததே ஒரு சினை யானை, அதற்கு நடந்தது இதுதான்.

2025 மே மாதம் மருதமலை அடிவாரத்தில் இன்னொரு சினை யானை இறந்தது. வயிற்றை அறுத்தால் பிளாஸ்டிக். இதற்கு வேட்டைக்காரன் யாரும் தேவைப்படவில்லை. சாம்பார் கட்டிய பையில் உப்பும் வாசனையும் ஒட்டியிருக்கிறது; யானை பையோடு சேர்த்து விழுங்கிவிடுகிறது. அந்தப் பை நம் வீட்டிலிருந்து போனதாகவும் இருக்கலாம்.

கிராம சபை மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று வந்துகொண்டுதான் இருக்கிறது. அடிவாரத்து ஊர்க்காரர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். நம் ஊர்க் குப்பையை எங்கே கொட்டுகிறார்கள், அதைச் சுற்றி வேலி உண்டா என்று அங்கே எழுந்து கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவும் சொல்லுங்கள்.