குடத்துக்கு ஒரு மைக்

(மார்த்தாண்டம் பக்கத்து நூலகம் ஒன்றின் ஆண்டுவிழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

முன்னால் இருக்கிற பெரியவர்களுக்கும், வாசல் பக்கம் பைக்கில் சாய்ந்து நிற்கிற தம்பிமாருக்கும் வணக்கம். தலைப்பு "தனியிசையும் நம்ம ஊர் மேடையும்" என்று நோட்டீசில் போட்டிருக்கிறார்கள். தனியிசை என்றால் சினிமாவைச் சாராமல் குழுக்களும் பாடகர்களும் தாங்களே வெளியிடுகிற பாட்டு. இரண்டையும் ஆளுக்குக் கொஞ்சம் பாராட்டிவிட்டு உட்கார்ந்துவிடலாம். ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழக்கு இருக்கிறது. இப்போதெல்லாம் பாட்டு வருவதற்கு முன்னாலேயே அதன் புகழ் போனுக்கு வந்துவிடுகிறது. அந்தப் புகழை நிறுத்துப் பார்க்க ஒரு தராசு வேண்டும். அந்தத் தராசு நம்ம ஊர்க் கோயில் கொடைவிழா மேடையில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

களியக்காவிளை தாண்டினால் கேரளம். நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் 70 கிலோமீட்டருக்கு மேல் வராது, சென்னை 700. ஆனாலும் இங்கே ஒரு பிள்ளையிடம் தனியிசை என்று கேட்டால் போன மாதம் சென்னையில் வெளியான பாட்டைத்தான் சொல்லும். திருவனந்தபுரத்து அவியல் குழு முழுக்க மலையாளத்திலேயே ஒரு ராக் தொகுப்பை 2008இல் வெளியிட்டது. எட்டே பாட்டு. சென்னையில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு 2018 ஜனவரியில் முதலில் மேடை ஏறியது. தொகுப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. இந்த வரிசையைக் கவனியுங்கள். ஆள் முன்னால் வாசித்துப் பார்த்த பாட்டுக்கு ஒரு நடை உண்டு. எங்கே மூச்சு வாங்கணும், எங்கே கூட்டம் பேச ஆரம்பிக்கும் என்று அதற்குத் தெரியும். மடிக்கணினியிலேயே பிறந்து மடிக்கணினியிலேயே முடிந்த பாட்டுக்கு அது தெரியாது. அப்படிப் பிறந்ததில் நல்ல பாட்டு இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அளவுக்கு மீறிப் புகழப்படுவது பெரும்பாலும் அந்த வகைதான்.

அதிலும் ஒரு தனி ரகம் இருக்கிறது. 'மண்ணின் இசை', 'வேர்' என்றெல்லாம் போஸ்டர் போட்டு வருவது. பாட்டைத் திறந்தால் தொடக்கத்தில் நாலு விநாடி உடுக்கை. அதே நாலு விநாடி பாட்டு முடிகிறவரை திரும்பத் திரும்ப. உடுக்கை என்ன கருவி? இடுப்பு ஒடுங்கிய பறை, அந்த இடுப்பில் ஓடும் கயிற்றை இடது கை அமுக்க அமுக்க, தோல் இழுபட்டு சுருதி ஏறும், விட்டால் இறங்கும். அதற்கு உயிரே அந்த வழுக்கல்தான். ஒரு துண்டை வெட்டி, நிமிடத்துக்கு 120 அடி என்ற மாறாத வேகக் கட்டத்துக்குள் ஒட்டிவிட்டால், ஒரு மனிதர் ஒரு தடவை அமுக்கிய அமுக்கல் ஐம்பது அறுபது தடவை வருகிறது. காது மூன்றாவது தடவையிலேயே கண்டுபிடித்துவிடும். வாய்தான் 'ஆகா' என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

வில்லுப்பாட்டில் வேகம் எப்படி நகரும் என்று இங்கே உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காப்பு, வருபொருள், குருவடி, அவையடக்கம், நாட்டுவளம் என்று நிதானமாக வந்து, கதைக்குள் போய், வாழியில் முடிகிற அமைப்பு. நடுவில் சாமியாடுகிற கோமரத்தாடிக்கு ஆட்டம் வருகிற நேரம் பார்த்து, பாட்டை நடத்துகிற அண்ணாவி வேகத்தைக் கூட்டுவார். ஆட்டம் தளர்ந்தால் இறக்குவார். மாறாத வேகத்தில் டிக் டிக் என்று ஓடும் கிளிக் டிராக்கைக் கேட்டுக்கொண்டு அதைச் செய்ய முடியாது. எல்லைக்கு அந்தப் பக்கம் விரைவைக் கணக்காகவே வைத்திருக்கிறார்கள். கோயில் செண்டை மேளமான பஞ்சாரி மேளத்தில் ஐந்து காலம், அதாவது ஐந்து வேகப் படி. ஒரு சுற்றுக்கு 96 அட்சரம் (தாள எண்ணிக்கை), பிறகு 48, 24, 12, 6. முதல் காலத்தின் பொறுமையைத் தாங்கியவனுக்குத்தான் ஐந்தாம் காலத்தில் கை தானாக மேலே போகும். ஸ்பாட்டிஃபை போன்ற செயலியில் 30 விநாடி கேட்டால்தான் ஒரு கேட்பு என்று கணக்கு. அதனால் பல்லவியை எட்டாவது விநாடியிலேயே தூக்கி வைக்கிறார்கள். உச்சத்தை வாசலிலேயே கொடுத்துவிட்டால் உள்ளே என்ன மிஞ்சும்?

அடுத்தது சத்தம். இது ரசனைப் பிரச்சினை இல்லை, வெறும் அளவு. ஒரே பாட்டை இரண்டு தடவை போட்டு, ஒன்றை ஒரே ஒரு டெசிபல் கூட்டி வைத்தால், கேட்கிறவர் சத்தம் கூடியது என்று சொல்ல மாட்டார். அதுதான் 'தெளிவு', அதுதான் 'நிறைவு' என்பார். பெரிய சத்தத்தை அமுக்கி மொத்தத்தையும் தூக்குகிற கம்ப்ரசரும் லிமிட்டரும் போடுவதன் ரகசியம் இதுதான். மெல்லிய இடம் எல்லாம் மேலே வந்து, தாளத்தின் முதல் அடி மழுங்கிப் போகும். முதல் கேட்பில் அசத்தும். நாலாவது பாட்டில் தலை வலிக்கும். ஆனால் ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 லஃப்ஸ் (பாட்டின் சராசரிச் சத்தத்தை அளக்கும் அலகு) என்ற அளவுக்குச் சமப்படுத்துகிறது. மைனஸ் 7, மைனஸ் 8 என்று நசுக்கிக் கொடுத்த பாட்டை அது ஆறேழு டெசிபல் இறக்கிவிடும். கூட்டிய சத்தமும் போச்சு, இழந்த உயிரும் திரும்ப வராது. செட்டிங்கில் அந்தச் சமப்படுத்தலைத் திறந்து வைத்துவிட்டு, நீங்கள் கொண்டாடுகிற தொகுப்பை ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இன்னும் சில சோதனை உண்டு, செலவில்லாதது. வீடியோ இல்லாமல் மறுநாள் கேளுங்கள். முதல் பல்லவியையும் கடைசிப் பல்லவியையும் அடுத்தடுத்துப் போடுங்கள். மூச்சு முதற்கொண்டு அச்சாக ஒன்றாக இருந்தால் பாடகர் ஒரு தடவைதான் பாடியிருக்கிறார், மிச்சம் ஒட்டு. இரண்டாவது சரணத்தில் புதிதாக ஒரு சொல்லோ ஒரு தாள மாற்றமோ வருகிறதா என்று பாருங்கள். கடைசியாக, ஒரே ஒரு கருவியோடு அந்தப் பாட்டைப் பாட முடியுமா? ஒரு கித்தார், இல்லை ஒரு குடம். நிற்கிற பாட்டு நிற்கும். எல்பி இசைத்தட்டு மறுபடி விற்கிறது என்று இரண்டாயிரம், மூவாயிரம் கொடுத்து வாங்குகிற தம்பிமாருக்கு ஒரு வார்த்தை: அதே நசுக்கிய டிஜிட்டல் பதிவைத் தட்டில் வெட்டினால், ஊசி அந்த நசுங்கலைத்தான் வாசிக்கும். தட்டிடம் கற்க வேண்டியது வேறு. ஒரு பக்கத்துக்கு இருபத்திரண்டு நிமிடம்தான் நன்றாகக் கொள்ளும். எதை விடுவது என்று முடிவெடுக்க வைத்த கருவி அது. இப்போது வருகிற இருபது பாட்டுத் தொகுப்பில் பன்னிரண்டை யாரும் விடச் சொல்லவில்லை, அதனால் விடவில்லை.

சரி, அவர்களைத் திட்டியது போதும். நம்ம மேடை யோக்கியமா?

சினிமாப் பாட்டுக் கச்சேரி நடத்துகிற கானமேளாக்காரர் பலர், குரல் இல்லாத பின்னணி இசைப் பதிவான மைனஸ் டிராக்கைப் போட்டுவிட்டு, கையில் கித்தாரைப் பிடித்து நிற்கிறார்கள். கம்பி செருகாத கித்தார் மேடையில் எதற்கு? ஆடிக்கொண்டே செண்டை அடிக்கிற சிங்காரி மேளம் கோயிலுக்கும் வருகிறது, குருசடித் (சிலுவைக் கோயில்) திருநாளுக்கும் வருகிறது. நல்ல குழு இருக்கிறது. ஆனால் நாற்பது செண்டை சேர்ந்துவிட்டாலே மேளம் ஆகிவிடாது. கைத்தாளமான இலத்தாளம் தாளத்தைப் பிடித்து நிறுத்தாவிட்டால் அது கும்பல். ஆட்டம் ஆடத் தெரிந்த அளவுக்கு வாசிக்கத் தெரியாத குழுவை நாம் கைதட்டிப் பெரிதாக்கி வைத்திருக்கிறோம். அதுவும் அளவுமீறிய புகழ்தான், போனில் வரவில்லை என்பது மட்டுமே வித்தியாசம்.

இதைவிடப் பெரிய கேடு மைக் செட்டில் நடக்கிறது. 2018இல் மறைந்த வில்லுப்பாட்டுக் கலைஞர் பூங்கனி அம்மா போன்றவர்கள், வில்லின் நாணைத் தட்டுகிற வீசுகோலை வீசிய காலத்தில் கூட்டம் வில்லைச் சுற்றி உட்கார்ந்தது. இப்போது பனையிலும் தென்னையிலும் கட்டிய குழாய் ஸ்பீக்கர் வழியாகத்தான் ஊர் கேட்கிறது. குழாய்க்கு ஏறக்குறைய 300 ஹெர்ட்சுக்குக் கீழே, அதாவது கனத்த அடிச்சத்தத்துக்கு, வாய் கிடையாது. குடத்தின் வாயில், அதை அடிக்கிற மட்டையான பத்தி விழும்போது எழுகிற கும் என்ற காற்று 200க்கும் கீழே. ஆக, ஊர் முழுக்கக் கேட்பது குடம் இல்லாத வில். பிறகு ஒலியின் வேகம். நம்ம ஊர் வெக்கையில் விநாடிக்குச் சுமார் 350 மீட்டர். ஒருவர் நிற்கிற இடத்திலிருந்து ஒரு குழாய் 20 மீட்டர், இன்னொன்று 190 மீட்டர் என்றால், அண்ணாவி சொன்ன சொல் அரை விநாடி கழித்து மறுபடி வந்து விழும். அடுத்த சொல்லின் தலையில் விழும். "வில்லுப்பாட்டு புரியவில்லை" என்று பிள்ளைகள் சொல்வதில் பாதிக் குற்றம் இந்தக் குழாயுடையது.

தீர்வு பெரிய செலவு இல்லை. குழாயை அறிவிப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டுக்கு மேடையின் இரு பக்கமும் இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸ், ஸ்டாண்டில், பாக்ஸின் வாய் நின்றிருப்பவர் தலைக்கு மேலே வருகிற உயரத்தில்; தரையில் வைத்தால் முன்வரிசைக் காது கிழியும், பின்வரிசைக்கு ஒன்றும் போகாது. பாக்ஸ் எப்போதும் மைக்குக்கு முன்னால் நிற்கணும். ஒரு முழம் பின்னால் போனாலும் பாக்ஸின் சத்தம் மறுபடி மைக்கில் நுழைந்து 'கூ' என்று கூவும். கூவினால் பையன் ஓடிப்போய் மொத்தச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மாஸ்டரை இறக்குகிறான், தவறு. எந்த மைக், எந்த சுருதியில் கூவுகிறது என்று பார்த்து, ஈக்வலைசரில் அந்த ஒரு இடத்தை மட்டும் மூன்று முதல் ஆறு டெசிபல் குறைக்கணும். மூன்று நாலு இடத்துக்கு மேல் குறைக்க வேண்டி வந்தால், மைக்கோ பாக்ஸோ தப்பான இடத்தில் இருக்கிறது.

மைக் வைப்பது: அண்ணாவிக்கு வாயிலிருந்து மூன்று விரற்கடை. தலைப்பக்க வலையைக் கையால் பொத்திப் பிடிப்பது இப்போது ராப் பாடுகிறவர்களிடம் இருந்து இங்கேயும் வந்துவிட்டது. பொத்தினால் மைக் நாலு பக்கமும் கேட்க ஆரம்பிக்கும், கூவல் நிச்சயம். குடத்துக்குக் கட்டாயம் ஒரு மைக். குட வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேராக இல்லாமல் சாய்த்து. நேராக வைத்தால் பத்தி தள்ளுகிற காற்று மைக்கில் மோதிப் 'பொத் பொத்' என்று உடையும். மற்ற எல்லா மைக்கிலும் 100 ஹெர்ட்சுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். குட மைக்கில் மட்டும் வெட்டாதீர்கள். உடுக்கைக்கு ஒரு அடி தூரம். வில்மணிக்கும் தாளத்துக்கும் மைக் வேண்டவே வேண்டாம். பாட்டு மைக்குள் அது தானாக வந்து சேரும், தனியாக வைத்தால் ஊசி குத்தும்.

இன்னொன்று. வில்லுக்காரர்கள் நெருங்கி உட்கார்வார்கள், அதுதான் அழகு. ஆனால் ஒரே சத்தம் இரண்டு மைக்கில் விழுந்து, தூர வித்தியாசம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக, அதாவது 35 சென்டிமீட்டர் இருந்தால், ஒரு மில்லி விநாடித் தாமதம் வரும். சுமார் 500 ஹெர்ட்சில் குழி விழும், அந்தச் சுருதிச் சத்தம் மட்டும் அமுங்கிப்போகும். குரலின் சதை இருக்கிற இடம் அது. குரல் சளி பிடித்ததுபோல் ஆகும். கருவிக்கும் அதன் மைக்குக்கும் உள்ள தூரத்தைப்போல் மூன்று மடங்கு, மைக்குக்கும் மைக்குக்கும் இடையே இருக்கட்டும். இடமில்லையா? மைக்கின் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஆறு மைக்கில் கெட்ட கச்சேரி மூன்று மைக்கில் பிழைத்துவிடும்.

கரண்டைப் பற்றிச் சுருக்கமாக: சீரியல் விளக்கு ஓடுகிற லைனில் மிக்சரைச் செருகாதீர்கள், இரைச்சல் வரும். போடும்போது முதலில் மிக்சர், கடைசியில் ஆம்ப்ளிஃபையர். நிறுத்தும்போது தலைகீழ். மாற்றிச் செய்கிற டப் சத்தத்தில்தான் பாதி ஸ்பீக்கர் சாகிறது.

பதிவு செய்ய ஆசைப்படுகிற தம்பிமாரே, தனித்தனியாகப் பாடவைத்து ஒட்டாதீர்கள். வில்லுக்கு முன்னால் ஏழெட்டு அடியில், உட்கார்ந்தவர் தலை உயரத்தில், ஒரு சின்ன ஸ்டீரியோ ரெக்கார்டர். உச்சச் சத்தம் ரெக்கார்டரின் அளவுகோலில் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் அளவு வையுங்கள். ஆட்டம் ஏறும்போது அதற்கு இடம் வேணும். தானியங்கி அளவு என்று ஒரு பொத்தான் இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் அண்ணாவி மெதுவாகப் பேசும்போது சீவிடுச் சத்தம் மேலே வரும், உச்சத்தில் பாட்டு கீழே போகும்.

பத்து மணிப் பிரச்சினை எல்லாருக்கும் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு விழாக்காலத்துக்கு ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்தலாம். உங்கள் கொடை அதில் வருகிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். கொடையின் முக்கியமான கட்டம் எல்லாம் பன்னிரண்டு மணியைச் சுற்றித்தான் வரும். அதனால் பலர் அடக்க ஒடுக்கமாகச் சின்னக் குழாயை ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். அது எதற்கு? மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் தன் மிருதங்கத்துக்கு மைக்கே வேண்டாம் என்று சபையிலேயே பிடிவாதமாக நின்றவர். வில்லுக்கும் மைக் இல்லாத வயது நிறைய இருந்தது. பத்தடி நீள வில், தோல் நாண், வலம் பாட ஆள், இடம் பாட ஆள். ஐம்பது அறுபது பேருக்கு அது போதும், கூட்டம் நெருங்கி உட்கார்ந்தால்.

இன்றைக்கும் அப்படித்தான் ஏற்பாடு. டீ முடிந்ததும் வில் வைக்கிறார்கள். குடத்துக்கு ஒரு மைக், பாட்டுக்கு இரண்டு. பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மைக்செட்காரர் மூன்றையும் எடுத்துவிடுவார். நாற்காலி போட்டிருப்பவர்கள் அதற்கு முன்னால் பாயை எடுத்துக்கொண்டு முன்னால் வந்துவிடுங்கள். பைக்கில் நிற்கிற தம்பிமாரும்தான்.